உப்பும் ரத்த அழுத்தமும்: வீட்டில் சமைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அப்பாவுக்கு பி.பி. இருப்பது தெரியவந்த அன்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உப்பைக் குறைச்சுக்குங்க" என்றார். அவ்வளவுதான். எவ்வளவு குறைப்பது, எதில் குறைப்பது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. மறுநாள் அம்மா அப்பாவுக்கு மட்டும் தனியாக உப்பில்லாத குழம்பு வைத்தார். அப்பா இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தட்டோரத்தில் உப்பை வைத்துக்கொண்டு, கூடவே நாலு துண்டு மாங்காய் ஊறுகாயும் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்துதான் நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவர் இல்லை, வீட்டில் சமைக்கிறவள். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு சாப்பிடலாம்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. காலை இட்லி, சட்னியிலிருந்து இரவு மோர் வரைக்கும், நடுவில் கொறித்த மிக்சரும் சேர்த்து, எல்லாமே இந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். உப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அதனால் 5 கிராம் உப்பு என்பது 2 கிராம் சோடியம்.

உலக சராசரியே இதைப்போல இரண்டு மடங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வாளர்கள் நாடு தழுவிய கணக்கெடுப்பை வைத்து 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், நம் நாட்டில் ஒருவர் சராசரியாக 8 கிராம் உப்பு சாப்பிடுகிறார். ஆண்கள் கொஞ்சம் கூடுதலாக, பெண்கள் கொஞ்சம் குறைவாக.

எங்கள் வீட்டில் எவ்வளவு ஆகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். வீட்டுக்கு அது தேவையில்லை. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே பேனாவால் தேதியை எழுதி வையுங்கள். தீர்ந்த நாளையும் எழுதுங்கள். ஆயிரத்தை நாட்களால் வகுத்து, வரும் விடையை வீட்டில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

நாங்கள் நாலு பேர். முதல் பாக்கெட் 23 நாளில் தீர்ந்தது. ஆளுக்குக் கிட்டத்தட்ட 11 கிராம்! பாத்திரத்தோடு கழுவிப் போனது, காய் வேகவைத்துக் கொட்டிய தண்ணீரில் போனது என்று ஒன்றிரண்டு கிராம் கழித்தாலும் ஒன்பதுக்குக் குறையவில்லை. கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், பிஸ்கட் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. "நான் உப்பு கம்மியாத்தான் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

எனக்கு இந்தக் கணக்கு ஒரு நம்பிக்கையையும் கொடுத்தது. அமெரிக்காவில் சாப்பிடும் உப்பில் பெரும்பகுதி தொழிற்சாலையில் தயாரான உணவிலும் உணவகத்திலும் இருந்து வருகிறது. அங்கே ஒரு குடும்பம் என்னதான் கவனமாகச் சமைத்தாலும் ரொட்டியிலும் சீஸிலும் இருப்பதை எடுத்துவிட முடியாது. நம் வீடுகளில் பெரும்பகுதி அடுப்படியில் நம் கையால் போடுவது. குறைப்பதும் நம் கையிலேயே இருக்கிறது.

உப்பு எப்படி பி.பி.யை ஏற்றுகிறது?

ரத்தத்தில் சோடியம் கூடினால் உடம்பு அதற்கு ஈடாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாய் தின்றதும் தாகம் எடுப்பது இதனால்தான். குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்ச் சுவர் மேல் அழுத்தம் ஏறுகிறது. மிச்ச சோடியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. அது தினமும் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வேண்டாததை அனுப்பிவிடுகிறது. ஒரு நாள் விருந்துச் சாப்பாட்டை அது சமாளித்துவிடும். இருபது முப்பது வருஷம் தினமும் இரண்டு மடங்கு வந்தால், அதை வெளியேற்றவே அழுத்தம் நிரந்தரமாகக் கூடி நிற்க வேண்டியதாகிறது. ரத்தக் குழாய்கள் விறைக்கின்றன. இதயத்தின் சுவர் தடிக்கிறது. மூளையின் மெல்லிய குழாய்களும் சிறுநீரகத்தின் சல்லடையும் மெதுவாகப் பழுதாகின்றன. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு மூன்றுக்கும் வழி இங்கிருந்து போகிறது.

இத்தனை வருஷமும் வலியோ தலைசுற்றலோ பெரும்பாலானவர்களுக்கு வராது. அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எனக்கு பி.பி. இல்லையே, நான் ஏன் குறைக்க வேண்டும்?

2001-ல் வெளியான 'டாஷ்' உப்பு ஆய்வு இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 412 பேருக்குச் சாப்பாட்டைச் சமைத்தே கொடுத்து, உப்பை மூன்று அளவுகளில் மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வோர் அளவும் 30 நாள். உப்பு குறையக் குறைய அழுத்தமும் இறங்கியது. பி.பி. உள்ளவர்களுக்கு அதிகமாக, இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக. ஆனால் இரண்டு பக்கமும் இறங்கியது. உப்பைக் குறைத்ததோடு காய், பழம், பருப்பு, கொழுப்பு நீக்கிய பால் என்று உணவையும் மாற்றியவர்களுக்கு இறக்கம் இன்னும் கூடுதல்.

வயதானால் பி.பி. ஏறுவது இயல்புதானே?

நம்மிடையே அப்படித்தான் நடக்கிறது என்பதால் இயல்பு என்று தோன்றுகிறது. 1988-ல் 'இன்டர்சால்ட்' என்ற ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரில் சோடியத்தை அளந்தது. அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் சமையலில் உப்பே சேர்ப்பதில்லை. பெரியவர்களின் சராசரி அழுத்தம் சுமார் 95/61. வயது கூடினாலும் அது ஏறவில்லை. அவர்கள் வாழ்க்கையில் வேறு எத்தனையோ வித்தியாசங்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் உப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் முடி நரைப்பதைப்போல பி.பி.யும் எல்லோருக்கும் வந்தே தீரும் என்பது உண்மையில்லை.

பாட்டி காலத்தில் ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்டு நன்றாகத்தானே இருந்தார்கள்?

இந்தக் கேள்வியை என் சித்தப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். அந்தக் காலத்தில் வெயிலில் வேலை, நடை, ஒடிசலான உடம்பு எல்லாம் இருந்தது. அப்புறம், பி.பி. அளக்கும் கருவி ஊரில் இல்லை. திடீரென்று விழுந்தவரை "வாதம் அடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்த காலம் அது. எத்தனை பேருக்கு பி.பி. இருந்தது என்று எழுதி வைத்தவர் யார்?

எழுதி வைத்த ஊர் ஒன்று உண்டு. ஜப்பானின் வடக்கே அக்கிதா பகுதி. நீண்ட பனிக்காலம், அதனால் காயும் மீனும் உப்பில் போட்டு வைப்பது வழக்கம். மிசோ சூப்பும் சோயா சாஸும் தினமும் உண்டு. 1950-களில் அந்த வட்டாரத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்டதாக அளந்திருக்கிறார்கள். பக்கவாதச் சாவு ஜப்பானிலேயே அந்தப் பகுதியில்தான் மிக அதிகம், அதுவும் உழைக்கும் வயதில். அவர்களும் வயலில் பாடுபட்டவர்கள்தான், ஒல்லியானவர்கள்தான். பிறகு பி.பி.யைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்ததோடு, உப்பைக் குறைக்கச் சொல்லி வீடு வீடாகப் பிரசாரம் செய்தார்கள். அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் ஜப்பானில் பக்கவாதச் சாவு பெருமளவு இறங்கியது. ஊறுகாயை அவர்கள் விட்டுவிடவில்லை. அளவைத்தான் குறைத்தார்கள்.

இந்துப்பு, கல்லுப்பு நல்லதாமே?

இந்துப்பிலும் ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் இருப்பது உண்மை, ஆனால் ஒரு சிட்டிகையில் வருவது ஒன்றுக்கும் காணாது. இந்துப்பு என்று நம்பித் தாராளமாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விலையும் அதிகம், பலனும் இல்லை.

கல்லுப்பில் ஒரு சின்ன விஷயம் உண்டு. கல்லுக்குக் கல் நடுவில் இடைவெளி இருப்பதால் ஒரு ஸ்பூன் கல்லுப்பு எடையில் தூள் உப்பைவிடக் குறைவு. கல்லுப்பிலிருந்து தூளுக்கு மாறுகிறவர்கள் அதே ஸ்பூன் அளவைப் போட்டால் உப்பு கூடிவிடும்.

உப்பைக் குறைத்தால் அயோடின் குறையாதா?

நியாயமான கேள்வி. அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வரும், கர்ப்பிணிக்குக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். அளவைக் குறையுங்கள், போடுவது அயோடின் கலந்த உப்பாக இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலையும். இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள், காற்றுப் புகாமல் மூடி வையுங்கள், சமையல் முடியும்போது போடுங்கள்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் சுமார் ஐந்து வருஷம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. பாதிக் கிராமங்களுக்கு நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு, மீதிக்கு வழக்கமான உப்பு. கலந்த உப்பு சாப்பிட்டவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைவு. சமையல் முறையை மாற்றாமல், ஜாடியில் இருக்கும் உப்பை மட்டும் மாற்றியதில் கிடைத்த பலன் இது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பி.பி., இதய மாத்திரைகளிலும் சில பொட்டாசியத்தைப் பிடித்து வைப்பவை. அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகே, மருத்துவர் சரி என்ற பிறகே வாங்கினோம்.

சாப்பாடு ருசிக்க வேண்டுமே. எதில் எப்படிக் குறைப்பது?

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் எங்கள் அப்பா செய்ததைத்தான் எல்லோரும் செய்வார்கள். நாக்கு பழகுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். எல்லோருக்கும் ஒரே குழம்பு. பி.பி. உள்ளவருக்கு மட்டும் தனிச் சட்டி என்றால் அது அவருக்குத் தண்டனை போல ஆகிவிடுகிறது.

முதல் வேலையாகக் கை அளவை விட்டுவிட்டு ஒரு ஸ்பூனை உப்பு ஜாடிக்குள் நிரந்தரமாகப் போட்டோம். கை அளவு என்பது கோபத்துக்கும் அவசரத்துக்கும் தகுந்தபடி மாறும்.

அடுத்தது நேரம். கீரையைப் பாருங்கள். ஒரு கட்டு கீரையை அரிந்து போட்டால் சட்டி நிறைய இருக்கும். அந்தக் குவியலைப் பார்த்து உப்புப் போட்டால் கை தாராளமாகத்தான் போகும். பத்து நிமிஷத்தில் அது ஒரு கைப்பிடியாகச் சுருண்டுவிடும், போட்ட உப்பு சுருங்காது. முட்டைக்கோஸும் அப்படித்தான், வற்றக் கொதிக்கும் குழம்பும் அப்படித்தான். வெந்து அடங்கிய பிறகு போட்டால் பாதியே போதும். கீரையில் இயல்பாகவே கொஞ்சம் உப்புச் சுவை இருக்கிறது என்பதும் அப்போதுதான் நாக்குக்குத் தெரிகிறது.

புளிப்பும் காரமும் உப்பின் இடத்தைக் கொஞ்சம் நிரப்பும். பொரியலை இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தோ, மிளகும் சீரகமும் பொடித்துத் தூவியோ பாருங்கள். ரசத்தில் தக்காளியைக் கூட்டி உப்பைக் குறைத்ததை வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இட்லி மாவில் குறைத்ததும் தெரியவில்லை, சட்னி கூட இருப்பதால். தேங்காய்ச் சட்னியில் மட்டும் உடனே தெரிந்துவிட்டது. அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்று, இதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். பெரும்பாலான வீடுகளில் சோற்றை உப்பில்லாமல்தான் வடிக்கிறோம். அத்தனை சோற்றுக்கும் சேர்த்து உப்பைச் சுமப்பது குழம்பு. அதனால் குழம்பு தூக்கலாக இருந்தாக வேண்டும். சோறு ஒரு கரண்டி குறைந்து, பொரியலும் கூட்டும் ஒரு கரண்டி ஏறினால் குழம்பும் தானாகக் குறைகிறது, உப்பும் குறைகிறது. சர்க்கரை நோய்க்குச் சொல்லும் அறிவுரையும் இதேதான்.

ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய் இந்த நாலும் தினப்படியிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளுக்குப் போனது எங்கள் வீட்டில் பெரிய மாற்றம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதிலும் சோடியம் உண்டு. பந்தியில் இலையோரம் வைக்கும் உப்பு பந்தியோடு இருக்கட்டும், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் வேண்டாம்.

கடையில் வாங்குவதில் எப்படிப் பார்ப்பது?

பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் மில்லிகிராமில் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமில் 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. உடனடி நூடுல்ஸின் மசாலாப் பொட்டலம், சிப்ஸ், சாஸ், சூப் தூள் இவற்றில் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். நாக்கில் உப்பே தெரியாத ரொட்டியிலும் பிஸ்கட்டிலும்கூட இருக்கும். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரைகளிலும் சோடியம் உண்டு, தினமும் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

உப்பை ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து என்று படித்தேனே?

2014-ல் பல நாடுகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வில், சோடியம் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களிடமும் இதய நோய் அதிகம் தெரிந்தது. பெரிய விவாதம் ஆனது. அதில் ஒரே ஒரு காலைச் சிறுநீரை வைத்து ஒருவரின் வழக்கமான உப்பைக் கணித்திருந்தார்கள் என்பதும், ஏற்கெனவே நோயுற்றவர்கள் குறைவாகச் சாப்பிட்டிருக்கலாம் என்பதும் எதிர்த்தரப்பின் வாதம். 2022-ல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் குறைந்தது இரண்டு முறை 24 மணி நேரச் சிறுநீரை அளந்து பார்த்ததில், சோடியம் கூடக் கூட நோயும் கூடியது. எனக்கு இரண்டாவதுதான் வலுவாகப் படுகிறது. சராசரியாக 8 கிராமில் இருக்கும் நமக்கு அந்தக் கீழ்க்கோடியைப் பற்றிய கவலை இப்போதைக்கு வர வேண்டியதில்லை.

யார் குறைக்கக் கூடாது?

வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்தான் உயிரைக் காக்கும். அப்போது இந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள். நாள் முழுக்க வெயிலில் வியர்த்து வேலை செய்கிறவர்களுக்குத் தேவை கொஞ்சம் கூடுதல். நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம், மயக்கம் வரலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

குழந்தைக்கு?

ஒரு வயது வரை கஞ்சியிலும் பருப்புச் சாதத்திலும் உப்புச் சேர்க்க வேண்டாம். சப்பென்று இருக்கிறதே என்பது நம் நாக்குக்குத்தான். குழந்தைக்கு அதுதான் முதல் ருசி.

உப்பைக் குறைத்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலருக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார், சிலருக்குத் தொடர வேண்டியிருக்கும். அப்பா இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். உப்பு குறைந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது.

உங்கள் வீட்டில் கடைசியாக எவ்வளவு குறைந்தது?

எட்டு மாதம் ஆகிறது. போன பாக்கெட் 37 நாள் வந்தது. ஆளுக்கு 7 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. 5 கிராமுக்கு இன்னும் வரவில்லை. போன வாரம் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் சாம்பார் கரிக்கிறது என்று அப்பாதான் முதலில் சொன்னார். புதுப் பாக்கெட்டின் மேல் தேதி எழுதுவதும் இப்போது அவர் வேலை.